ஆற்றில் போட்டது, குளத்தில் எடுத்தது
(ஈருறுப்புத் தேற்றத்தின் கதை)



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. வழக்கம்போல ஹாஸ்டல் சாப்பாடு, மணிமுத்தாற்றுக் குளியல்னு வேண்டாம். படிக்கிற பசங்களுக்குப் பயன்படுற மாதிரி இருக்கட்டும்" என்று சங்கத்து அண்ணன் ஒருவர் போனில் சொல்லிவிட்டார். என்ன எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். முதலாண்டில் என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு கணக்கைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். அதுதான் ஈருறுப்புத் தேற்றம். ஆங்கிலத்தில் 'பைனாமியல்'. பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது கணக்குப் பாடம் அல்ல, கதைதான்.

முதலில் ஒரு வாக்குமூலம். முதலாண்டுக் கணிதத் தேர்வில், ஒரு விரிவில் குறிப்பிட்ட உறுப்பின் கெழுவைக் கண்டுபிடி என்று பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. சூத்திரம் மனப்பாடமாக இருந்தது. ஆனால் எது மேலே, எது கீழே என்பது மறந்துவிட்டது. எதையோ எழுதிவைத்து பூஜ்யம் வாங்கினேன். எனக்காவது அடுத்த பருவத்தில் அரியர் தேறியது. என் பக்கத்து பெஞ்சு நண்பனுக்கு அதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். "நமக்குக் கணக்கு வராதுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் வெண்பாவை அலகிட்டுக் காட்டுவதில் புலி. எந்தக் குறளைக் கொடுத்தாலும் விரலை மடக்கி மடக்கி "கூவிளம், புளிமா, தேமாங்காய்" என்று அரை நிமிஷத்தில் பிரித்துவிடுவான். கணக்கு வராது என்று போனவன் கையில் எந்தக் கணக்கு இருந்தது என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் புரிந்தது. இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான்.

காயும் கனியும்

தமிழ் வகுப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அசை இரண்டே வகை: நேர், நிரை. இரண்டு அசை சேர்ந்தால் ஈரசைச்சீர். அது நான்கு.

நேர் நேர் – தேமா
நிரை நேர் – புளிமா
நேர் நிரை – கூவிளம்
நிரை நிரை – கருவிளம்

இதில் எத்தனை நிரை இருக்கிறது என்று மட்டும் எண்ணுவோம். நிரையே இல்லாதது ஒன்று (தேமா). ஒரே ஒரு நிரை உள்ளது இரண்டு (புளிமா, கூவிளம்). இரண்டு நிரை உள்ளது ஒன்று (கருவிளம்). ஆக 1, 2, 1.

இப்போது கணக்கு நோட்டைத் திறவுங்கள்.

(அ + இ)² = அ² + 2அஇ + இ²

இங்கேயும் கெழுக்கள் 1, 2, 1. தற்செயலா? மூவசைச்சீரையும் பார்த்துவிடுவோம். ஈரசைச்சீர் நான்கின் பின்னாலும் ஒரு நேர் வைத்தால் 'காய்' நான்கு, ஒரு நிரை வைத்தால் 'கனி' நான்கு. மொத்தம் எட்டு. மறுபடியும் நிரையை எண்ணுவோம்.

நிரை இல்லாதது: தேமாங்காய் – 1
ஒரு நிரை: புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி – 3
இரண்டு நிரை: கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி – 3
மூன்று நிரை: கருவிளங்கனி – 1

1, 3, 3, 1. இதுதான் (அ + இ)³ விரிவு: அ³ + 3அ²இ + 3அஇ² + இ³.

தற்செயல் இல்லை. காரணம் மிக எளிது. (அ + இ) என்ற அடைப்பை மூன்று தடவை எழுதிப் பெருக்குகிறோம் என்றால் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு அடைப்பிலிருந்தும் ஒன்றை எடுக்கிறோம். அ-வை எடுக்கலாம், இ-யை எடுக்கலாம். முதல் அடைப்பில் அ, இரண்டில் இ, மூன்றில் அ என்று எடுத்தால் அ²இ கிடைக்கும். அதே அ²இ இன்னும் இரண்டு வழியில் கிடைக்கும். ஆகவே அதன் முன்னால் 3 என்ற எண் வந்து உட்காருகிறது. கெழு என்பது வேறொன்றும் இல்லை, 'எத்தனை வழி' என்ற கேள்விக்கு விடை. அடைப்புக்கு அசை, அ-வுக்கு நேர், இ-க்கு நிரை என்று மாற்றிக்கொண்டால் சீர் வாய்பாடு அப்படியே ஈருறுப்பு விரிவு ஆகிவிடுகிறது.

முக்கோணத்தில் மேலே உள்ள இரண்டு எண்ணைக் கூட்டினால் கீழே உள்ள எண் வருகிறதே, அது ஏன் என்று நான் படித்த காலத்தில் கேட்கவே தோன்றவில்லை. காயும் கனியும் அதையும் சொல்லிவிடும். மூவசைச்சீரில் இரண்டு நிரை வரவேண்டும். ஒன்று, முதல் இரண்டு அசையிலேயே இரண்டு நிரையும் வந்து கடைசியில் நேர் வரவேண்டும். இது காய், ஒரே வழி. இல்லாவிட்டால் முதல் இரண்டில் ஒரு நிரை வந்து கடைசியில் இன்னொரு நிரை வரவேண்டும். இது கனி, இரண்டு வழி. 1 + 2 = 3. அவ்வளவுதான் பாஸ்கல் முக்கோணத்தின் ரகசியம்!

நாலசைச்சீர் பதினாறு. ஈரசைச்சீரின் பின்னால் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்று இன்னொரு ஈரசையைச் சேர்ப்பது. தம்பிகள் வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். 1, 4, 6, 4, 1 வரும். நடுவிலுள்ள ஆறில் முதலாவது கருவிளந்தண்பூ, கடைசி தேமாநறுநிழல். மீதி நாலை நீங்களே கண்டுபிடியுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யாப்பருங்கலக்காரிகை எழுதிய அமிதசாகரர் சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தச் சீர்களை வகைப்படுத்தியது செய்யுளுக்காக, இயற்கணிதத்துக்காக அல்ல. காரிகையில் ஈருறுப்புத் தேற்றம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வாய்பாட்டுக்குள்ளே எண்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் நான் சொல்வது. அந்த எண்களை வெளியே எடுத்து அடுக்கியவர்கள் வேறு சிலர். அவர்களும் யாப்புக்காரர்களே என்பதுதான் ஆச்சரியம்.

மேருமலையும் மண்கட்டியும்

வடமொழி யாப்பில் நேர், நிரைக்குப் பதிலாக லகு, குரு. குறுகி ஒலிப்பது லகு, நீண்டு ஒலிப்பது குரு. கி.மு. 3 அல்லது 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று கருதப்படும் பிங்கலர், தம்முடைய சந்த சாஸ்திரத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். இத்தனை எழுத்துள்ள அடியில் லகுவும் குருவும் எத்தனை விதமாக வரலாம்? விதிகளை அவர் மிகச் சுருக்கமான சூத்திரங்களாகத்தான் சொல்லியிருக்கிறார். தந்தி வாசகம் மாதிரி இரண்டு மூன்று வார்த்தை. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய ஹலாயுதர்தான் விளக்கமாகச் சொல்கிறார்.

மேலே ஒரு கட்டம் போடு. அதன் கீழே இரு பக்கமும் பாதிப் பாதி வெளியே நீளும்படி இரண்டு கட்டம். அதற்குக் கீழே மூன்று. இப்படியே போ. முதல் கட்டத்திலும், ஒவ்வொரு வரிசையின் இரு ஓரங்களிலும் 1 எழுது. மற்றக் கட்டத்தில் மேலே தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டின் கூட்டுத்தொகையை எழுது.

இதற்கு 'மேரு பிரஸ்தாரம்' என்று பெயர். மேருமலை போலக் கூம்பிய அடுக்கு. நாம் பாஸ்கல் முக்கோணம் என்று படித்தது இதையேதான். பாஸ்கல் பிறந்தது 1623-இல்.

யாப்பு மட்டும்தானா? சாப்பாட்டிலும் இருக்கிறது. அறுசுவையை ஒன்றாகவும், இரண்டு இரண்டாகவும், மூன்று மூன்றாகவும் சேர்த்தால் எத்தனை விதம்? சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூல் 63 என்று கணக்குக் கொடுக்கிறது. தனித்தனியாக 6, இரண்டாக 15, மூன்றாக 20, நான்காக 15, ஐந்தாக 6, ஆறும் சேர்ந்து 1. கூட்டிப் பாருங்கள், 63. முன்னால் ஒரு 1 சேர்த்துக்கொண்டால் (ஒரு சுவையும் சேர்க்காத பத்தியச் சாப்பாடு!) 64. அதாவது 2-இன் ஆறாம் அடுக்கு. (அ + இ)⁶ விரிவின் கெழுக்கள் இவை.

அடுத்தது வாசனைத் திரவியம். 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், பிருகத் சம்ஹிதையில் வாசனைப் பொருள் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். பதினாறு பொருள்களில் நான்கு நான்காக எடுத்தால் எத்தனை கலவை? 1,820 என்று விடையையும் கொடுக்கிறார். அதைக் கண்டுபிடிக்க அவர் சொல்லும் வழி பெருக்கலே இல்லாதது. 1, 2, 3 என்று எழுது. ஒவ்வொன்றையும் முன்னால் வந்ததோடு கூட்டிக்கொண்டே போ. கடைசி இடத்தை விட்டுவிடு. முதல் தடவை கூட்டினால் 120-இல் நிற்கும். அதே வேலையை மறுபடி செய்தால் 560. இன்னொரு தடவை செய்தால் 1,820. மேருவைச் சாய்வாகப் பார்த்தால் இதுதான் தெரியும்.

இந்த நூலுக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய பட்டோத்பலர், கலவைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டும் முறையை 'லோஷ்டக பிரஸ்தாரம்' என்கிறார். லோஷ்டம் என்றால் என்ன தெரியுமா? மண்கட்டி! மண்கட்டிகளைப் பரப்பி வைத்து, நகர்த்தி நகர்த்தி எண்ணுவது. மண்ணைப் படித்துப் பட்டம் வாங்கிய நமக்கு இதைவிட நெருக்கமான கணக்கு வேறு உண்டா? இதற்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

சூத்திரம் எங்கே என்று கேட்பீர்கள். கி.பி. 850 வாக்கில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கன்னட தேசத்தில் வாழ்ந்த சமண அறிஞர் மகாவீராச்சாரியார் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலில் அதைக் கொடுக்கிறார். மேலே இறங்குவரிசையில் எழுதிப் பெருக்கு, கீழே 1-லிருந்து ஏறுவரிசையில் எழுதிப் பெருக்கு, வகு. ஆறில் மூன்று என்றால் மேலே 6 × 5 × 4, கீழே 1 × 2 × 3. விடை 20. நான் எது மேலே எது கீழே என்று மறந்துபோய்ப் பூஜ்யம் வாங்கினேனே, அதே சூத்திரம். மேலே இருப்பது வரிசையாக எடுக்கும் வழிகள். கீழே இருப்பது ஒரே கூட்டத்தை எத்தனை தடவை திரும்பத் திரும்ப எண்ணிவிட்டோம் என்பது. இதை ஒரு தடவை புரிந்துகொண்டவன் மறக்கவே மாட்டான்.

இந்த நூலைச் சுவடிகளிலிருந்து எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் அச்சில் கொண்டுவந்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார். அச்சிட்டது சென்னை அரசு அச்சகம். மகாவீரர் எழுதியதை உலகம் படித்தது சென்னையில் அச்சான அந்தப் புத்தகத்தின் மூலம்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலும் இதே கணக்கு வருகிறது. எட்டுத் திறப்பு உள்ள ஒரு மாளிகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை விதமாகத் திறந்துவைக்கலாம் என்று கேட்கிறார். விடை மொத்தம் 255. அங்கேயும் அறுசுவை உண்டு.

மாற்று உரைத்துப் பார்ப்போம்

நம் ஊர்க்காரர்களுக்குச் சுந்தரர் கதை சொல்லத் தேவையில்லை. திருமுதுகுன்றத்தில் பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் வாங்கி, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று இன்றும் ஊரில் சொல்கிறோம். எனக்கு இந்தக் கணக்கின் வரலாறு அப்படித்தான் தோன்றுகிறது. யாப்பிலும், மருந்திலும், வாசனைக் கலவையிலும் போட்ட பொன் இயற்கணிதம் என்ற குளத்தில் கிடைக்கிறது.

ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. எடுத்த பொன்னை அப்படியே நம்பிவிடவில்லை. திருவாரூரில் மாற்று உரைத்துப் பார்த்தார்கள். அதற்காகவே மாற்றுரைத்த விநாயகர் அங்கே இருக்கிறார். நாமும் உரைத்துப் பார்க்க வேண்டும். "எல்லாம் நாம கண்டுபிடிச்சது, வெள்ளைக்காரன் திருடிக்கிட்டான்" என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். அது பத்தரை மாற்று இல்லை.

உண்மை நிலவரம் இது. 'எத்தனை வழி' என்ற எண்களை நம் நாட்டு யாப்புக்காரர்களும் கணிதர்களும் நன்றாக அறிந்திருந்தார்கள். வர்க்கம், கனம் இரண்டின் விரிவும் தெரியும். 499-இல் ஆரியபடர் கொடுத்த கனமூல முறைக்குள் 1, 3, 3, 1 உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மேருவின் வரிசையை (அ + இ) என்பதன் எந்த அடுக்குக்கும் உரிய கெழு என்று இயற்கணிதமாகவே எழுதி வைத்தவர்கள் என்று பார்த்தால், பாக்தாதில் சுமார் கி.பி. 1000-இல் இருந்த அல்கராஜியைச் சொல்ல வேண்டும். அவருடைய அட்டவணை 12-ஆம் அடுக்கு வரை போகிறது. 12-ஆம் நூற்றாண்டில் அல்சமாவல் அதை எடுத்து எழுதியதால் நமக்குக் கிடைத்தது. நமக்குக் கவிஞராக மட்டும் தெரிந்த உமர் கய்யாமும் உயர் அடுக்கு மூலங்களைக் காணும் முறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சீனாவில் 11-ஆம் நூற்றாண்டில் ஜியா சியான், அவரிடமிருந்து எடுத்ததாகச் சொல்லி 1261-இல் யாங் ஹுய், 1303-இல் ஜு ஷிஜியே என்று ஒரு வரிசை உண்டு. ஐரோப்பாவில் 1527-இல் அப்பியன் என்பவரின் கணக்குப் புத்தகத்தின் முகப்புப் பக்கத்திலேயே இந்த முக்கோணம் அச்சாகியிருந்தது.

அப்படியானால் பாஸ்கல் என்ன செய்தார்? 1654-இல் அவர் எழுதி, இறந்தபின் 1665-இல் வெளிவந்த நூலில், முக்கோணத்தின் பண்புகளையெல்லாம் ஒரே இடத்தில் நிறுவிக் காட்டினார். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு அதைப் பயன்படுத்தினார். நியூட்டன் 1665-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்னும் இருபத்தைந்து வயதுகூட ஆகாதபோது, அடுக்கு முழு எண்ணாக இல்லாமல் அரை, கால், எதிர்மறை என்று இருந்தாலும் விரிவு உண்டு, அது முடிவில்லாமல் போகும் என்று கண்டார். 1676-இல் கடிதங்களில் எழுதித் தெரிவித்தார். அரை அசை உள்ள சீர் கிடையாது. ஆகையால் எண்ணிப் பார்த்து அந்த இடத்துக்குப் போக முடியாது. அது புதிய தாண்டல். அந்தப் பெருமை அவருக்கு உரியது.

ஈரானில் இதைக் கய்யாம் முக்கோணம் என்கிறார்கள், சீனாவில் யாங் ஹுய் முக்கோணம், இத்தாலியில் தார்தாலியா முக்கோணம். ஒவ்வொரு ஊரும் தன் பிள்ளை பெயரை வைத்திருக்கிறது. நாம் மேரு என்று சொல்லிக்கொண்டால் தப்பில்லை. மற்றவர் பெயரை அழிக்காமல் சொன்னால் சரி.

சூளை வாசலில் 36 வில்லை

இனி மண்கட்டிக்கு வருகிறேன். படிப்பு முடிந்து வேறு மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்த புதிது. புதிய பீங்கான் கலவை ஒன்றுக்குச் சோதனை போடச் சொன்னார்கள். களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் பத்துப் பத்து சதவீதமாக மாற வேண்டும். மூன்றில் எதுவும் பத்துக்குக் குறையக் கூடாது. நான் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். 33 கலவை வந்தது. 33 வில்லை தயாரித்து சூளைக்கு அனுப்பும் நேரத்தில், அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர், நம் பக்கத்துத் தமிழர், வில்லைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். களிமண் அதிகமானது மேலே ஒன்று. அடுத்த வரிசையில் இரண்டு. அதற்கடுத்து மூன்று. பாதியில் நிறுத்தினார்.

"தம்பி, மூணு பல்லு விழுந்திருக்கு பாருங்க."

"என்னண்ணே?"

"எட்டு வரிசை நிறையணும். மொத்தம் முப்பத்தாறு இருக்கணும். மூணு எடம் காலியா இருக்கே."

பட்டியலைச் சரிபார்த்தேன். மூன்று கலவை விட்டுப் போயிருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிரவு அறையில் உட்கார்ந்து யோசித்தேன். பத்துப் பங்கை வரிசையாக வைத்தால் நடுவில் ஒன்பது இடைவெளி. அதில் இரண்டு இடத்தில் கோடு போட்டால் மூன்று பொருளுக்கும் பங்கு பிரிந்துவிடும். ஒன்பதில் இரண்டைத் தேர்வது, 9 × 8-ஐ 1 × 2-ஆல் வகுத்தால் 36. இதே வேலையை ஐந்து ஐந்து சதவீதமாக, குறைந்தது ஐந்து என்று வைத்துச் செய்தால் பத்தொன்பதில் இரண்டு, 171 வில்லை. சூளையில் இடம், எரிபொருள், ஆள் கூலி எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த எண்தான். பள்ளிக்கூடம் முழுசாகப் பார்க்காத அந்த அண்ணன் வில்லையைப் பரப்பி எண்ணியதும், பட்டோத்பலர் மண்கட்டியைப் பரப்பியதும் ஒரே வேலைதானே!

விரிவும் நமக்குத் தினம் வேண்டியிருக்கிறது. சுட்டால் நீளத்தில் 10 சதவீதம் சுருங்கும் மண்ணை எடுத்துக்கொள்வோம். கன அளவில் எவ்வளவு சுருங்கும்? 30 என்று டக்கென்று சொல்லிவிடுவோம். 1, 3, 3, 1-ஐ வைத்துப் பாருங்கள். 1 – 0.3 + 0.03 – 0.001 = 0.729. ஆகச் சுருக்கம் 27.1 சதவீதம். முப்பதுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எங்கே போயிற்று என்றால், நாம் தூக்கி எறிந்த இரண்டாவது 3-இலும் கடைசி 1-இலும் இருக்கிறது.

அதே சமயம் வெப்பத்தால் விரிவதற்கு, 'கன விரிவுக் கெழு என்பது நீள விரிவுக் கெழுவைப் போல மூன்று மடங்கு' என்று படித்தோம். அங்கே மட்டும் ஏன் மற்றதை விட்டுவிடலாம்? ஏனென்றால் பீங்கான் நீளத்தில் விரிவது மிக மிகக் கொஞ்சம். நீளம் 0.006 பங்கு விரிந்தது என்று வைத்துக்கொண்டால், முதல் 3 கொடுப்பது 0.018. அடுத்த 3 கொடுப்பது 0.0001 அளவுதான். விட்டாலும் பாதகமில்லை. எப்போது விடலாம், எப்போது விடக் கூடாது என்று தெரிவதுதான் இன்ஜினியரிங். சூத்திரம் மட்டும் தெரிந்தவனுக்கு இது தெரியாது. விரிவு தெரிந்தவனுக்குத் தெரியும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

அனுபவத்தில் கற்ற இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, சூத்திரத்தைப் பார்த்தால் 'இது எதை எண்ணுகிறது?' என்று கேளுங்கள். கெழு என்றால் எண்ணிக்கை என்பது மனத்தில் பதிந்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் நாலு வில்லையைப் பரப்பி நீங்களே செய்துகொள்வீர்கள். இரண்டு, தமிழில் படித்து வந்தோம், கணக்கு வராது என்று சொல்லாதீர்கள். தேமாங்காய், புளிமாங்காய் வாய்பாடு தெரிந்த ஒவ்வொருவரும் மூன்றாம் அடுக்கு விரிவை ஏற்கெனவே செய்து முடித்தவர்களே. தமிழ் வகுப்பும் கணக்கு வகுப்பும் பக்கத்துப் பக்கத்து அறைதான். நடுவிலுள்ள சுவரில் ஒரு கதவு உண்டு என்று எனக்கும் என் நண்பனுக்கும் அன்று தெரியாமல் போயிற்று.

அந்த நண்பன் இப்போது பொம்மை அச்சு செய்கிறான். நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். போன மாதம் போனில் காயையும் கனியையும் வைத்து இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இதைத்தானாடா அன்னிக்குக் கேட்டாங்க?" என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, "படிப்ப முடிக்காதவன் அந்தச் சந்திப்புக்கெல்லாம் வரலாமாடா?" என்று கேட்டான்.

"வாடா" என்றேன்.

சங்கத்து அண்ணன்மாருக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கல்லூரியில் சேர்ந்து, ஏதோ ஒரு பேப்பரில் மாட்டிக்கொண்டு, முடிக்காமல் போனவர்கள் ஒவ்வொரு செட்டிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அடுத்த சந்திப்புக்கு அவர்களுக்கும் அழைப்பு அனுப்புவோம். அடுக்கிப் பார்த்தால்தான் எந்த இடம் காலி என்று தெரியும். அந்த இடங்கள் நிறைந்தால்தான் நம் தட்டும் நிறையும்.